அம்மாவுக்கு ஒரு ஐ கிரீம்

அன்புள்ள அக்கா,

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. வீட்டுச் செலவுக்குக் கொடுத்தது போகக் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் அம்மாவுக்குக் கண்ணைச் சுற்றித் தடவும் ஒரு நல்ல ஐ கிரீம் வாங்கிக் கொடுக்க ஆசை. அம்மா தனக்கென்று எதுவும் வாங்கிக்கொண்டதே இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் பல வருடமாக இருக்கிறது, இப்போது சுருக்கமும் சேர்ந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் உடனே கண்ணைக் கசக்குவார், அப்போது இன்னும் கறுத்துத் தெரியும். நான் பார்த்து வைத்திருக்கும் கிரீமின் விலை என் மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. "காசைக் கரியாக்காதே" என்கிறாள் தோழி. இவ்வளவு விலை வைக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது. வாங்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வாங்க வேண்டாம். பதில் நீளமாகப் போகும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அம்மா கண்ணைக் கசக்குவார் என்று. கிரீமைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதைப் பார்த்துவிடுவோம்.

விலை அதிகமான கிரீமில் ஏதோ இருக்கும் என்கிறீர்கள். இருக்கிறது. இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். அங்கே எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. அதனால் சீக்கிரம் வறண்டுவிடும், வறண்டால் மெல்லிய கோடுகள் எடுப்பாகத் தெரியும். ஈரம் பிடித்து வைக்கும் எதைத் தடவினாலும் சில நிமிடங்களில் அந்தக் கோடுகள் மங்கும். கடையில் கைவிரலால் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தவர்கள் மயங்கிப்போவது இதனால்தான். அது கண்கட்டு வித்தை இல்லை, தோல் நிஜமாகவே கொஞ்சம் உப்பிக்கொள்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்பவை கிளிசரின், ஹையலுரானிக் அமிலம், டைமெத்திகோன் போன்றவை. மருந்துக்கடையில் விற்கும் சாதாரண மாய்ஸ்சரைசரிலும் இவையேதான் இருக்கின்றன.

அட்டைப்பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும், அதைப் படித்துப் பழகுங்கள். எது அதிக அளவில் இருக்கிறதோ அது முதலில் வரும், அப்படியே இறங்குவரிசையில் போகும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் இஷ்டப்பட்ட வரிசையில் எழுதிக்கொள்ளலாம். முன்பக்கம் தங்கம், கேவியர் (மீன் முட்டை) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பின்பக்கம் தேடினால் அது வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில், வாலில் இருக்கும். கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) என்று போட்டிருந்தால் அதற்காகக் கூடுதலாக ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். தோலைத் தாண்டி உள்ளே போக ஒரு மூலக்கூறின் எடை சுமார் 500 டால்டனுக்குள் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு) இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கொலாஜன் மூலக்கூறு ஏறத்தாழ 3 லட்சம் டால்டன். அது மேலே உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு அப்படி ஒரு கிரீம் பரிசாக வந்தது. கையில் கனக்கும் கண்ணாடிக் குப்பி, உள்ளே 15 மில்லி. எடுத்துத் தடவ ஒரு குட்டிக் கரண்டி. இடது கண்ணுக்கு அதைப் போட்டேன், வலது கண்ணுக்கு முகத்துக்குப் போடும் அதே மாய்ஸ்சரைசர். மூன்று மாதம், ஒரு நாள் விடாமல். வாராவாரம் அதே ஜன்னலோரம், அதே காலை வெளிச்சத்தில் ஒரு படம். முடிவில் படங்களை மகளிடம் காட்டி எந்தக் கண் என்று கேட்டேன். முதல் படத்துக்கு இடது என்றாள், அடுத்ததற்கு வலது என்றாள், மூன்றாவதை வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றாள்.

ஒரு முகத்தை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் இதழ் 2007இல் சுருக்க கிரீம்களைச் சோதித்து வெளியிட்ட முடிவும் இதுதான். 12 வாரம் தடவிய பிறகு, இருப்பதிலேயே நன்றாக வேலை செய்த கிரீம்கூடச் சுருக்கத்தின் ஆழத்தைச் சராசரியாக 10 சதவீதத்துக்கும் குறைவாகவே குறைத்தது. வெறும் கண்ணுக்கு அது தெரிவதே கஷ்டம். விலைக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லை.

விளம்பர வாசகங்களையும் ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். "சுருக்கத்தைப் போக்கும்" என்று எழுத மாட்டார்கள், "சுருக்கம் தெரிவதைக் குறைக்கும்" என்று எழுதுவார்கள். தோலின் அமைப்பையே மாற்றும் என்று சொன்னால் அமெரிக்கச் சட்டத்தில் அது அழகுப் பொருள் என்ற வகையைத் தாண்டி மருந்தாகிவிடும், அப்புறம் மருந்துக்குரிய ஆதாரங்களைக் காட்ட வேண்டும். சிலர் எல்லை மீறியதும் உண்டு. லாரியல் நிறுவனம் லான்கோம் ஜெனிஃபிக் உள்ளிட்ட தன் பொருள்கள் மரபணுக்களின் செயல்பாட்டையே தூண்டிவிடும் என்று விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2014இல் அந்த விவகாரம் சமரசத்தில் முடிந்தது, அப்படி இனி சொல்வதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அப்படியானால் எதுவுமே பலன் தராதா என்று கேட்பீர்கள். தரும். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கும். வெயிலால் முதிர்ந்த தோலில் அது வேலை செய்வதை 1986இல் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் காட்டினார்கள். அது மருத்துவர் எழுதித் தரும் மருந்து. அதன் சாதுவான உறவினர்தான் கடைகளில் கிடைக்கும் ரெட்டினால். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், ஆரம்பத்தில் தோல் சிவந்து உரியும், கண்ணருகே போடுவதில் மிகுந்த கவனம் வேண்டும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இன்னொரு விஷயம், ரெட்டினால் காற்றிலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். அதற்கு அழுத்தமான மூடி போட்ட மலிவான ட்யூப்தான் நல்ல வீடு. ஒவ்வொரு தடவையும் திறந்து மூடும் அழகான கண்ணாடிக் குப்பி அதற்கு எதிரி.

சரி, கருவளையத்துக்கு வருவோம். உங்கள் அம்மாவின் முதல் பிரச்சினை அதுதானே. கருவளையம் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது ஒரே விஷயம் இல்லை. சிலருக்குத் தோலிலேயே நிறமி கூடியிருக்கும். சிலருக்குத் தோல் மெல்லியதாக இருப்பதால் அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் நீலமாகத் தெரியும். சிலருக்குக் கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே குழி விழுந்திருக்கும், அல்லது கொழுப்பு முன்னே தள்ளிப் பை போலத் தொங்கும், அதன் நிழல்தான் கறுப்பாகத் தெரியும். பலருக்கு இவை கலந்தே இருக்கும். அம்மாவைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொல்லி, கையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, மெதுவாக முகத்தை மேலே தூக்கச் சொல்லுங்கள். கறுப்பு குறைந்தால் அதில் பெரும்பகுதி நிழல். நிழலை எந்தக் கிரீமாலும் அழிக்க முடியாது. அடுத்து, கீழிமைத் தோலை விரல்நுனியால் மிக மெல்ல இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் அப்படியே தோலோடு நகர்ந்தால் நிறமி, நீலம் கூடினால் ரத்தக்குழாய். இது வீட்டில் செய்யும் தோராயமான சோதனைதான், ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன்னால் அவசியம் செய்ய வேண்டியது.

இப்போது அந்தக் கசக்கலுக்கு வருகிறேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றியதும் கசக்குகிறார் என்றால், கண்ணில் அரிப்போ உறுத்தலோ இருக்கலாம். ஒவ்வாமையாக இருக்கலாம், கண் வறட்சியாக இருக்கலாம், இமை ஓரத்தில் அழற்சி இருக்கலாம், கண்ணாடியின் பவர் மாறியதால் கண் சோர்ந்துபோவதாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் அரை மில்லிமீட்டர் தோலை நாள் முழுக்கத் தேய்த்தால் அது அழற்சியாகும், அழற்சி ஆறும்போது நிறமியை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வாமை இருந்தால் கண்ணுக்குக் கீழே ரத்தக்குழாய்கள் வீங்கி இன்னும் கறுப்பாகக் காட்டும். ஒரு கையால் கிரீம் தடவி, மறு கையால் கசக்கிக்கொண்டே இருந்தால் கருவளையம் எப்படிக் குறையும்? கசக்குவது கருவிழிக்கும் கெடுதல். போதாக்குறைக்கு, விலையுயர்ந்த கிரீம்கள் பலவற்றில் வாசனைப் பொருள் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே அரிக்கும் கண்ணுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஆகவே முதல் செலவு கண் மருத்துவரிடம். அம்மா "எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். நீங்கள் நேரம் வாங்கிவிட்டுச் சொல்லுங்கள், கூடவே போங்கள். சோர்வும் வெளிறலும் இருந்தால் ரத்தசோகை உண்டா என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடலாம். யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீமை மட்டும் கண்ணருகே போட விடாதீர்கள். அது தோலை இன்னும் மெலிதாக்கும், கண்ணில் அழுத்தத்தைக்கூட ஏற்றிவிடும்.

தினமும் தடவ ஒன்று வாங்க வேண்டும் என்றால் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 900க்கும் மேற்பட்டவர்களை நாலரை வருடம் கவனித்துச் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்கு, தோன்றியபோது மட்டும் போட்டவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவாக இருந்தது. கண்ணில் எரிச்சல் தராத, வாசனையில்லாத, துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பாருங்கள். இரவில் வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் போதும்.

உங்கள் தோழி காசைப் பற்றிக் கவலைப்படுகிறாள். என் கவலை வேறு. அந்தக் கிரீமை உங்கள் அம்மா மூன்று மாதம் சிக்கனமாக, அரிசி மணி அளவு எடுத்துத் தடவுவார். ஒன்றும் ஆகாது. அவர் கிரீமைக் குறை சொல்ல மாட்டார். என் முகம் இனிமேல் இவ்வளவுதான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, உங்களிடம் "நல்லா இருக்கும்மா" என்பார். குப்பி காலியானதும் கழுவி எடுத்து வைத்துக்கொள்வார். நீங்கள் ஆசையாகச் சேர்த்த பணம் அவரை அப்படி நினைக்க வைக்க வேண்டாம்.

பவர் மாறியிருந்தால், மிச்சப் பணத்தில் அவருக்குப் பிடித்த ஃப்ரேமில் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுங்கள். ஃப்ரேமை அவரே தேர்ந்தெடுக்கட்டும், விலைச்சீட்டை மட்டும் நீங்கள் முன்பே கழற்றச் சொல்லிவிடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா