6 வருஷத்தை 9 ஆக்க 75,000 ரூபாயா?

கேள்வி: மின்வாரியத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் குழித்துறை. மகன் தினமும் ரயிலேறி கழக்கூட்டம் போய், டெக்னோபார்க்கில் ஆரக்கிள் டேட்டாபேஸ் அட்மினாக (கம்பெனியின் தகவல் கிடங்கைப் பராமரிக்கும் வேலை) இருக்கிறான். 6 வருஷ அனுபவம். போன மாதம் சேர்ந்த பையனுக்கு 3 வருஷம்தான். சம்பளம் இவனைவிடக் கூடுதல். 9 வருஷம் என்று சர்டிபிகேட் தயார் செய்து, வேறு வேலையும் வாங்கித் தர ஒரு கன்சல்டன்சி 75,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. முன்பணம் கொடுத்திருந்தால் அது போனதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

மின்வாரியத்தில் சேர்ந்த தேதிதான் எல்லாம். மேலே இருப்பவர் ரிட்டயர் ஆனால் நீங்கள் ஒரு படி ஏறுவீர்கள். ஐடியில் அப்படி ஒரு சீனியாரிட்டி பட்டியலே கிடையாது. உள்ளே இருப்பவருக்கு வருஷா வருஷம் கொஞ்சம் ஹைக், வெளியிலிருந்து வருபவருக்கு அன்றைய மார்க்கெட் விலை. கேட்டால் 'பட்ஜெட் இல்லை' என்பார்கள். உங்கள் மகன் ராஜினாமா கடிதம் கொடுக்கட்டும், மறுநாளே பட்ஜெட் முளைக்கும்!

வருஷத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்று சொல்கிறேன். இன்டர்வியூவில் நான் வழக்கமாகக் கேட்பது இது: நடு ராத்திரி 2 மணி, ஆர்க்கைவ் லாக், அதாவது டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு, வைக்கும் இடம் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது. என்ன செய்வீர்கள்? (பேரேட்டில் பக்கம் தீர்ந்ததும் கடைக்காரர் பில் போடுவதை நிறுத்துகிறாரே, அது மாதிரி.) 10 வருஷம் என்று எழுதிக்கொண்டு வந்த ஒருவர், "சீனியரைக் கூப்பிடுவேன்" என்றார். சீனியர் வேலைக்குத்தான் வந்திருந்தார். 4 வருஷக்காரப் பெண் ஒருத்தி, "ஃபைலைக் கையால் அழிக்க மாட்டேன். அப்படி அழித்தது டேட்டாபேஸின் கணக்கில் ஏறாது. ஸ்டாண்ட்பை என்கிற மாற்று டேட்டாபேஸுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேன் வழியாக பேக்கப் எடுத்துவிட்டு, அதிலேயே அழிப்பேன்" என்றாள். உங்களுக்கு இது புரிய வேண்டாம். யாருக்குச் சம்பளம் கூட என்பது மட்டும் புரிந்தால் போதும்.

இப்போது அந்தக் கன்சல்டன்சி. இவர்கள் விற்கும் பேப்பரில் லெட்டர்ஹெட் இருக்கும், சீல் இருக்கும், போன் செய்தால் 'ஆமாம், வேலை பார்த்தார்' என்று சொல்ல ஆளும் இருக்கும். பிஎஃப் மட்டும் இருக்காது. உங்கள் மகனின் யுஏஎன் நம்பரில் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தான், எந்தத் தேதி விலகினான் என்று வரிசையாகக் கிடக்கிறது. வெரிஃபிகேஷனில் முதலில் பார்ப்பதே அதைத்தான். மாட்டினால் புது வேலை போகும். ஒழுங்காகச் சம்பாதித்த 6 வருஷத்தின் மேலும் சந்தேகம் விழும். அப்போது கன்சல்டன்சிக்காரர் போனை எடுக்க மாட்டார்.

ஒரு விலக்கு உண்டு. 20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சின்னக் கம்பெனி பிஎஃப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்கள் மகன் முதலில் அப்படி ஓர் இடத்தில் நிஜமாகவே இருந்திருந்தால், யுஏஎன்னில் இல்லை என்பதற்காக அதை மறைக்க வேண்டாம். சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், வரி பிடித்திருந்தால் ஃபார்ம் 16, எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கம்பெனியை மூடிவிட்டால் லெட்டர் கிடைக்காது. பேங்க் கணக்கு இருக்கும். கையில் ரொக்கமாக வாங்கியிருந்தால்தான் சிக்கல். அப்போது பழைய மெயிலையாவது தேடட்டும்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: "கடைசியாக எப்போது பேக்கப்பிலிருந்து ஒரு டேட்டாபேஸை நீயே திரும்பக் கொண்டுவந்தாய்?" தேதியோடு பதில் வந்தால், தாராளமாக வெளியே வேலை தேடட்டும், 6 வருஷமே போதும். அலர்ட் பார்த்து டிக்கெட்டை (புகார்ப் பதிவை) அடுத்தவருக்குத் தள்ளிவிடும் வேலைதான் என்றால், ரெஸ்டோர் (பேக்கப்பிலிருந்து மீட்பது), பேட்ச் (மென்பொருள் திருத்தம் ஏற்றுவது) வேலைகளை இப்போதைய இடத்திலேயே கேட்டு வாங்கி ஆறு மாதம் செய்யட்டும். அதற்குப் பிறகு ரெஸ்யூமே எழுதலாம்.