101-ஆ, 108-ஆ? எதுவானாலும் முதலில் விலக்கைச் சொல்லுங்கள்

கேள்வி: எங்களுடையது நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியில் ஒரு சிறு கிராமம். போன மாதம் பக்கத்து வீட்டு வைக்கோல் படப்பு தீப்பிடித்தது. 101-க்குப் பேசினோம். வண்டி வேறொரு புதூருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. அதற்குள் தொழுவமும் எரிந்து ஒரு கன்றுக்குட்டி செத்துப்போனது. அணைக்கப் போன பெரியவருக்குக் கை வெந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குத் தனியாகப் பேச வேண்டியிருந்தது. இவையெல்லாம் யார் பொறுப்பு? யாரை முதலில் அழைப்பது? பணம் கட்ட வேண்டுமா? இழப்புக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: பணத்தைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். தீயை அணைக்க வரும் வண்டிக்கும் சரி, 108-க்கும் சரி, ஒரு பைசா தர வேண்டாம்.

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. தீயணைப்பு நிலையம் ஊராட்சியுடையதோ மாநகராட்சியுடையதோ அல்ல. அது மாநில அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்குச் சொந்தம். மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட அலுவலர் உண்டு; பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி போன்ற நிலையங்கள் அவருக்குக் கீழே வரும். 108 வேறு ஏற்பாடு. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. அரசின் சுகாதாரத் துறைக்காக ஒரு தனி நிறுவனம் அதை நடத்துகிறது. அந்த அழைப்பை எடுப்பவர் சென்னையில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் தெருவையும் சுடலைமாடன் கோயிலையும் அவர் பார்த்ததே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

தீ மட்டும் என்றால் 101. உடம்புக்கு ஆபத்து என்றால் 108. இரண்டும் சேர்ந்திருந்தால் ஆளுக்கொரு போனில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுங்கள். ஒருவர்தான் இருக்கிறார், எந்த எண் என்று குழப்பம் என்றால் 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதில் சொல்லலாம். மழை வெள்ளத்தில் சிக்கினால் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை, 1077. சிலிண்டர் கசிவுக்கு 1906. இவற்றோடு பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணையும் நேரில் போய் வாங்கி, ரேஷன் கடைச் சுவரிலும் கோயில் சுவரிலும் பெயின்டில் எழுதி வையுங்கள்.

இனி அந்தப் புதூர் விஷயம். நான் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணி அடித்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவோம். ஒரு நிமிடத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டிவிடும். அப்படி மிச்சம் பிடித்த நேரமெல்லாம் ரோட்டில் வழி கேட்பதில் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "புதூர்ல தீ, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். நம் மாவட்டத்தில் எத்தனை புதூர், எத்தனை புதுக்குளம்! மேல, கீழ, வடக்கு, தெற்கு என்று முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பதற்றத்தில் யாரும் சொல்வதில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும்: வட்டம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிற ரோடு, எந்த விலக்கு (மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடம்), அதில் இடமா வலமா, பிறகு ஊர். "நாங்குநேரி வட்டம். நாங்குநேரியில இருந்து களக்காடு போற ரோடு. இன்ன ஊர் விலக்குல இடது பக்கம் திரும்பணும். இசக்கியம்மன் கோயில் தாண்டி ரெண்டாவது முக்கு. வைக்கோல் படப்பு எரியுது, பக்கத்துல ஓலைக்கூரை இருக்கு." இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அப்புறம் ஒரு பையனை பைக்கில் விலக்குக்கு அனுப்புங்கள். அவன் நம்பரையும் கொடுத்துவிடுங்கள். பேசிய போனை வேறு யாருக்கும் அடிக்காதீர்கள். வண்டியில் வருகிறவர்கள் அதே எண்ணுக்குத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள். மெட்ராஸில் இருக்கிற மகனுக்கு அப்போதே தகவல் சொல்லி லைனை அடைத்துவிடுவது நம் ஊரில் வழக்கம். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வண்டியில் வருகிற தண்ணீர் சுமார் 4,500 லிட்டர்தான். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதனால் வண்டி வருவதற்குள் பக்கத்தில் தண்ணீர் இருக்கிற குளத்தையோ பம்புசெட் கிணற்றையோ பார்த்து வைத்து, வந்ததும் முதல் வேலையாகக் காட்டுங்கள். தெருவை அடைத்து நிற்கிற டிராக்டரையும் கோயில் கொடைப் பந்தலின் குறுக்குக் கம்பையும் எடுத்துவிடுங்கள். கரண்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு (94987 94987) சொல்லி மின்சாரத்தை நிறுத்தும் வரை யாரும் குடம் குடமாக ஊற்ற வேண்டாம்.

படப்புத் தீ மேலே அடங்கினாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். எரிகிற படப்பை நீங்களாகவே பிரிக்கப் போகாதீர்கள். உள்ளே காற்றுப் புகுந்ததும் குபீரென்று முகத்துக்கு வரும். உங்கள் பெரியவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் மாடுகளை அவிழ்த்து விடுங்கள். அடுத்து, எரிகிறதை விட்டுவிட்டு எரியாத பக்கத்துப் படப்பையும் கூரையையும் நனையுங்கள்.

வெந்த கைக்குச் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். தோசைமாவு, பற்பசை, பேனா மை எதையும் பூசக் கூடாது. அதைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படுகிற வேதனை தீக்காயத்தைவிடக் கொடுமை. சுத்தமான பருத்தி வேட்டியால் லேசாக மூடினால் போதும். 108-இல் ஓட்டுநரோடு ஒரு மருத்துவ உதவியாளரும் வருவார். வழியிலேயே சிகிச்சை தொடங்கிவிடும். முதலில் வட்ட அரசு மருத்துவமனைக்குப் போவதா, நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதா என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். தெரிந்த டாக்டர் இருக்கிற தனியார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று நடுரோட்டில் வாதாடி நேரத்தை இழக்காதீர்கள்.

வயக்காட்டு ஊர் என்பதால் பாம்பையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ கூப்பிடலாம். கடித்துவிட்டால் 108. கயிறு கட்டுவது, கீறிவிடுவது இரண்டும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக் கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இழப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வண்டி வந்து போனதும் காரியம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். தீ விபத்து நடந்ததற்கான அறிக்கையைக் கேட்டு நிலையத்தில் மனுக் கொடுங்கள். காப்பீடு இருந்தால் அது இல்லாமல் நகராது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து வட்டாட்சியருக்கு எழுதினால்தான் அரசு நிவாரணம் வரும். ஆகவே அவர் வருவதற்குள் எரிந்ததை அள்ளிக் கொட்ட வேண்டாம், நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கன்றுக்குட்டியைப் புதைத்திருப்பீர்கள். இனி அப்படி நேர்ந்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துப் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கிவிடுங்கள். இப்போதைக்கு, கன்று செத்ததைப் பார்த்தவர்களைச் சாட்சியாகக் காட்டி மனுவோடு ஒரு கடிதம் இணைத்து வட்டாட்சியரை நேரில் பாருங்கள்.