ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 38. கம்பத்தில் சொந்தமாக ஜீப் வைத்திருக்கிறேன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் போவேன். அவர்கள் வேலை முடியும்வரை அங்கேயே வண்டியில் படுத்திருந்துவிட்டு, சாயந்திரம் ஆறு மணிக்குள் கம்பத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவேன். போன மாதம் ரத்தம் பார்த்ததில் வெறும் வயிற்றில் சர்க்கரை 114, மூன்று மாதச் சராசரி 6.1 என்று வந்தது. இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, இப்படியே போனால் வந்துவிடும், தினமும் நடங்கள் என்கிறார் டாக்டர். எந்த நேரத்தில் நடப்பது என்பதுதான் குழப்பம். காலையில் வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். நாலரைக்கு எழுகிற நான் அதற்காக மூன்றரைக்கு எழ வேண்டும். படுக்கவே பதினொன்று ஆகிவிடுகிறது. நண்பர் ஒருவர் சாயந்திரம்தான் நல்லது என்கிறார். ஆனால் ஆட்களை இறக்கிவிட்ட பிறகு ஸ்டாண்டில் நண்பர்களோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பேன், எனக்கு இருக்கிற பொழுதுபோக்கு அது ஒன்றுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டுக்குப் போகும்போது மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பையன் தூங்கியிருப்பான். அதனால் அப்போது நடக்கப் போனாலும் வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. இந்த மூன்றில் எது சிறந்த நேரம்?
– பெயர் வேண்டாம், கம்பம்.

பதில்: தம்பி, காலையா மாலையா என்ற கேள்வி எனக்கு வராத மாதம் இல்லை. கேட்பவர்களில் பாதிப் பேர் எந்த நேரத்திலும் நடக்காதவர்கள். நல்ல நேரத்தைத் தேடிக்கொண்டிருக்கும் வரைக்கும் செருப்பை மாட்ட வேண்டியதில்லையே. உங்களுக்கும் வழக்கமான நாலு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ‘பையன் தூங்கியிருப்பான். அதனால் யாருக்கும் தொந்தரவில்லை.’ அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கணக்குப் பார்ப்போம். ஆறு மணிக்குள் ஆட்களை இறக்கிவிடுகிறீர்கள். வீட்டுக்குப் போவது ஒன்பதுக்கு மேல். நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது. அதைத்தான் ‘கொஞ்ச நேரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் நீங்கள் வண்டியை எடுக்கும்போதும் அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருப்பான். அப்படியென்றால் தோட்டத்துக்கு வண்டி ஓடுகிற நாளெல்லாம் அவன் கண் விழித்து உங்களைப் பார்ப்பதே இல்லை. துபாயில் வேலை பார்க்கும் தகப்பனாவது ராத்திரி வீடியோ காலில் வந்து ‘சாப்பிட்டியாடா’ என்று கேட்கிறார். நீங்கள் அதே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறீர்கள்.

இதை ஒரு வருத்தமாக எழுதியிருந்தீர்கள் என்றால் நான் இவ்வளவு கடுமையாகப் பேச மாட்டேன். நீங்கள் அதை ஒரு வசதியாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை தூங்கிவிட்டான், இனி நடக்கப் போகலாம் என்று. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

உங்கள் வண்டியில் வருகிற பெண்களைப் பாருங்கள். விடிவதற்கு முன்பே எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கும் எடுத்து வைத்துவிட்டு வந்து தெருமுனையில் நிற்கிறார்கள். பகல் முழுக்க மலைச்சரிவில் குனிந்து காய் எடுக்கிறார்கள். ஆறு மணிக்கு அவர்களும்தான் உங்களோடு கம்பத்தில் இறங்குகிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒன்பது மணி வரை பேசிவிட்டுப் போகிறாளா? உங்களைவிட அதிகமாகக் களைத்தவர்கள் நேராக அடுப்படிக்குப் போகிறார்கள், பிள்ளையின் பையைத் திறந்து வீட்டுப்பாடம் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் அதை உங்கள் மனைவி பார்த்துக்கொள்கிறார். அவர் எப்போது உட்காருகிறார், அவருக்கு என்ன பொழுதுபோக்கு என்பதற்குக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

சம்பாதித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் தகப்பன் கடமை முடிந்தது என்று நம்புகிறவள் இல்லை நான். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் தகப்பன் வீட்டில் இருக்க வேண்டும். வேலை விடவில்லை என்றால் வேறு விஷயம், அதற்குப் பிள்ளைகளே பழகிக்கொள்வார்கள். உங்களை வேலை ஆறு மணிக்கே விட்டுவிடுகிறது.

சரி, நேரத்துக்கு வருகிறேன்.

மூன்றரைக்கு எழுவது கூடவே கூடாது. பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பதில் தூக்க மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தூக்கம் குறைந்தாலே உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது, மறுநாள் பசியும் கூடுகிறது. சர்க்கரையைத் தடுக்கத் தூக்கத்தை வெட்டினால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதைவிடப் பெரிய காரணம், உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள். விடியலுக்கு முந்தைய சில மணி நேரம்தான் மனித உடம்பு மிகவும் தூங்கி விழுகிற நேரம். அந்த நேரம் முடிகிற சமயத்தில்தான் நீங்கள் கம்பம்மெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏற்றுகிறீர்கள். மழைக்காலத்தில் பனிமூட்டம் வேறு. உங்களை நம்பி ஏறியிருக்கிறார்கள். நாலரை மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அளவுக்கு மேல் ஆட்களை அடைத்து ஏற்றுகிற பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள்.

வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு கரையும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நடக்கும் அந்த நேரத்தில் உடம்பு கொழுப்பைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எடையில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. சாயந்திரத்தில் உடம்புச் சூடு சற்று அதிகம், தசைகள் இளகியிருக்கும், பலமும் கூடுதல், அதனால் உங்கள் நண்பர் சொல்வதும் தவறில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு நடப்பதால் உடம்புக்குக் கேடு ஒன்றும் வராது, மூச்சு வாங்க ஓடினால்தான் தூக்கம் தள்ளிப்போகும்.

சர்க்கரை எல்லையில் நிற்பவருக்கு இவை எல்லாவற்றையும்விட உதவுவது சாப்பிட்ட பிறகு நடப்பது. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை, நடக்கிற கால் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. சர்க்கரை வரும் நிலையில் இருந்த முதியவர்களை வைத்து 2013-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் நடந்தது, காலையில் ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் நடந்ததற்கு ஈடாகச் சர்க்கரையைக் குறைத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது இன்னும் நன்றாகவே அடக்கியது. உங்கள் டாக்டர் பயமுறுத்தவில்லை என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2006-ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில் உங்களைப் போல எல்லையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் அது 39 சதவீதம். நம் ஊர் உடம்புக்கு அந்த எல்லையைத் தாண்ட அதிக நாள் தேவைப்படுவதில்லை.

உட்கார்ந்தே செய்யும் உங்கள் வேலையும் சும்மா விடாது. லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளை வைத்து ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் செய்த ஆய்வு 1953-ல் வந்தது. ஒரே பேருந்தில் வேலை பார்த்தவர்களில், படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களுக்கே மாரடைப்பு அதிகம். உங்கள் ஜீப்பிலும் அப்படித்தான், பின்னால் வருகிறவர்கள் மலை ஏறுகிறார்கள், நீங்கள் சீட்டைச் சாய்த்துப் படுக்கிறீர்கள்.

அதனால் முதல் நடையைத் தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சோறு சாப்பிட்டதும் படுக்காமல் பதினைந்து, இருபது நிமிடம் எஸ்டேட் ரோட்டில் நடங்கள். கம்பத்தில் வெயில் கொளுத்துகிற மாதத்திலும் வண்டன்மேட்டில் மரநிழல் இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும். மருந்தடிக்கிற நாளில் மட்டும் தோட்டத்துக்குள் போக வேண்டாம், தள்ளி மெயின் ரோட்டில் நடங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும், அதற்கு என்ன செய்வதென்று உங்கள் வண்டியில் வரும் பெண்கள் சொல்லித் தருவார்கள். பத்து நிமிடமாவது சேர்ந்தாற்போல் நடந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் சுறுசுறுப்பான நடை சேர்ந்தால் போதும், அதற்கு மேல் எவ்வளவு நடந்தாலும் நல்லது.

இரண்டாவது நடை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, பையனோடு.

ஆறேகாலுக்கு வீட்டில் இருங்கள். குளித்துவிட்டு ஏழு, ஏழரைக்குள் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஸ்டாண்டில் டீயும் வடையுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு ஒன்பதரைக்கு மறுபடி சாப்பிடுகிற வழக்கமும் அதோடு போய்விடும். சாப்பிட்டதும் இருவரும் தெருவில் இறங்குங்கள். மனைவி வந்தால் இன்னும் நல்லது, பாத்திரத்தை வந்து சேர்ந்து கழுவிக்கொள்ளலாம். இருட்டிய பிறகு வாய்க்கால் கரை, வயல் வரப்புப் பக்கம் போகாதீர்கள், பாம்பு இருக்கும். விளக்கு எரிகிற தெருவே போதும். ஒன்பதரைக்குப் படுத்தால் நாலரை வரை ஏழு மணி நேரத் தூக்கம் கிடைத்துவிடும். போனைப் படுக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். முதல் வாரம் அவன் உங்களோடு வர மாட்டான். டிவி பார்க்கிறேன் என்பான், அம்மா வந்தால்தான் வருவேன் என்பான். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தகப்பனிடமே கூச்சம் வந்திருக்கும், அது அவன் தப்பில்லை. அதட்டிக் கூட்டிப்போகாதீர்கள். மார்க் எவ்வளவு என்று ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். மலையில் இன்றைக்கு என்ன பார்த்தீர்கள், மேகம் எந்த வளைவு வரை இறங்கியிருந்தது, வண்டியில் கியர் எப்படி மாறுகிறது என்று சொல்லுங்கள். ஜீப் ஓட்டுகிற அப்பா எட்டு வயதுப் பையனுக்குச் சாதாரண ஆள் இல்லை. அவன் நின்று நின்று நாய்க்குட்டியைப் பார்ப்பான், உங்கள் வேகம் குறையும். குறையட்டும். வேகம் வேண்டுமென்றால் அவனைச் சைக்கிள் ஓட்டவிட்டுப் பின்னாலேயே ஓடுங்கள், உங்களுக்கு மூச்சு வாங்கிவிடும். ஐந்து வயது முதல் பதினேழு வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும். உங்கள் ரத்தத்தில் இருப்பது அவனுக்கும் வரக்கூடிய ஒன்றுதான். அவனுக்கு இப்போதே நடக்கப் பழக்குவதும் உங்கள் கடமைக்குள் வருகிறது.

நண்பர்களை விடச் சொல்லவில்லை. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஸ்டாண்டுக்குப் போய்வாருங்கள். மற்ற நாளில் ‘என்னடா, அதுக்குள்ள கிளம்பிட்ட’ என்று கேட்பார்கள். பையன் காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். உங்கள் மனைவிக்கும் ஒரு தடவை சர்க்கரை, பிரஷர் பாருங்கள், கம்பம் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். மூன்று மாதம் கழித்து நீங்கள் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். எண் குறைந்திருந்தால் நல்லது. குறையவில்லை என்றால் மாத்திரை வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும், அதற்காக ஆறேகாலுக்கு வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள்.