தேதி மாற்றம்: கவுன்டர்காரர் கையில் எவ்வளவு இருக்கிறது?

மார்த்தாண்டத்திலிருந்து: திருவனந்தபுரம்–துபாய் ரிட்டர்ன், மலிவு டிக்கெட். தேதி மாற்ற முடியாதாம். ஏர்போர்ட்டில் நேரில் போய்க் கேட்டால் நடக்குமா?

வெறுமனே கேட்டால் நடக்காது. விதியைத் தளர்த்தி டிக்கெட்டைத் திரும்ப வெளியிட ஒரு காரணம் பதிவாக வேண்டும். அதற்கு ஒப்புதல் தருவது பெரும்பாலும் டியூட்டி மேனேஜர்தான். நெருங்கிய உறவில் சாவு, ஆஸ்பத்திரி அட்மிஷன் என்றால் சான்றிதழோடு போங்கள், இரக்கம் கிடைக்கலாம். இவற்றைவிடப் பலமான காரணம் ஒன்று உண்டு: விமான நேரத்தை நிறுவனமே மாற்றியிருப்பது. புக் செய்த பிறகு வந்த மெயில், எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் தோண்டிப் பாருங்கள். நேரம் மணிக்கணக்கில் நகர்ந்திருந்தால், 'சம்மதம்' பட்டனைத் தொடாமல் போன் போடுங்கள். தொட்டுவிட்டால் புது நேரத்துக்கு ஒப்புக்கொண்டதாகிவிடும். "மாற்ற முடியுமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். சீட் இருக்கும் விமான எண்ணையும் தேதியையும் நீங்களே பார்த்து வைத்துச் சொல்லுங்கள். ஊழியருக்கு வேலை சுலபம்.

எதற்கும் மசியவில்லையா? புறப்பாட்டுக்கு முன்பே கேன்சல் செய்யுங்கள். இந்திய நிறுவனம் என்றால், திரும்பத் தராத டிக்கெட்டிலும் அரசு வரி, விமான நிலையக் கட்டணத்தைத் தந்தாக வேண்டும் என்பது டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதி. சொல்லாமல் போகாமலிருந்தால் பொதுவாக ரிட்டர்னும் சேர்ந்தே போய்விடும்.

பாறசாலையிலிருந்து: ஏர்லைன் "ஏஜென்டைப் பாருங்க" என்கிறது, ஏஜென்ட் "ஏர்லைன்ல கேளுங்க" என்கிறார்.

13 இலக்க டிக்கெட் எண்ணை வாங்குங்கள். முதல் மூன்று இலக்கம் அது யாருடைய டிக்கெட் என்று சொல்லிவிடும்: 098 ஏர் இந்தியா, 176 எமிரேட்ஸ், 157 கத்தார். ஓட்டுவது வேறு நிறுவனமாக இருந்தாலும் மாற்றம் கேட்க வேண்டியது இவர்களிடம். ஏஜென்ட் போட்டதை ஏஜென்ட்தான் மாற்ற வேண்டும். பயண நாள் நெருங்கினால், அல்லது விமானமே ரத்தானால், ஏர்லைனே கையில் எடுக்கும். ஏஜென்ட் மொத்தமாக வாங்கி விற்கும் குரூப் சீட் என்றால் தேதி மாற்றத்தை மறந்துவிடுங்கள்.

செங்கோட்டையிலிருந்து: ஏர்லைன் தரும் மைல் புள்ளிகளைக் கொடுத்து எகானமியிலிருந்து பிசினஸ் வகுப்புக்கு மாறினேன். இப்போது தேதி தள்ளிப்போகிறது.

இங்கேதான் பலருக்குச் சீட்டும் மைலும் சிக்கிக்கொள்கின்றன. உட்காருவது பிசினஸ் சீட்டானாலும் மாற்றக் கட்டணம் நீங்கள் வாங்கிய எகானமி டிக்கெட்டின் விதிப்படிதான். அதோடு, அப்கிரேடுக்கென்று ஒதுக்கிய சீட் தனிக் கணக்கு. வெப்சைட்டில் பிசினஸ் விற்பனைக்கு இருப்பதால் உங்களுக்கு அது கிடைக்கும் என்று அர்த்தமில்லை. எனவே ஆன்லைனில் தேதியை மாற்றாதீர்கள், அப்கிரேடு உதிர்ந்துவிடக்கூடும். மைலேஜ் பிரிவுக்குப் போன் செய்து, புதுத் தேதியில் அப்கிரேடு சீட் உறுதியான பிறகே பழையதை விடச் சொல்லுங்கள். சீட் இல்லையென்றால் மைல் உங்கள் கணக்கில் எப்போது திரும்பும் என்றும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: பிசினஸுக்குப் பணம் கட்டியும் எகானமியில் உட்காரவைத்தால்?

டிஜிசிஏ விதிப்படி 2023 பிப்ரவரி 15 முதல் நஷ்டஈடு உண்டு. உள்நாட்டில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம். வெளிநாடு என்றால் 1,500 கி.மீ. வரை 30, 3,500 வரை 50, அதற்கு மேல் 75. துபாய் நடுப்பிரிவில் வரும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.