ஹாஸ்டலுக்குப் போகிறேன், கருப்பட்டியை என்ன செய்ய?

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன், டாக்டர். பிளஸ் டூ முடித்துவிட்டேன். சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் எனக்குப் பதற்ற நோய் வந்தது. இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த நாட்களில் என்னைத் தூங்க வைத்தது கருப்பட்டிதான். மூன்று வயது ஆண் பூனை, கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. ஹாஸ்டலில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. ‘இமோஷனல் சப்போர்ட் அனிமல்’ என்று சான்றிதழ் கொடுப்பதாக இணையத்தில் விளம்பரம் பார்த்தேன். அதை வாங்கிக் காட்டினால் விடுவார்களா? இல்லாவிட்டால் வெளியே தனி அறை எடுத்துத் தருவதாக அப்பா சொல்கிறார். ஆச்சியோ, ‘நான் பார்த்துக்கிடுதேன், நீ போயிட்டு வா’ என்கிறாள். விட்டுவிட்டுப் போனால் அவன் என்னை மறந்துவிடுவானா?

பதில்: சான்றிதழை வாங்காதீர்கள். பணம் போவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

மனத்துணைப் பிராணி என்று தனியாக ஒரு வகையை நம் நாட்டுச் சட்டம் எதுவும் வகுக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் அப்படி ஒன்று கிடையாது. ஆகவே அந்தத் தாளைக் காட்டினால் அனுமதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த வார்டனுக்கும் இல்லை. அந்த விளம்பரங்கள் அமெரிக்க வழக்கத்தைப் பார்த்து எழுந்தவை. அங்கே வீட்டுவசதிச் சட்டம் மனத்துணைப் பிராணிகளுக்கு இடம் கொடுக்கிறது. பல்கலைக்கழக விடுதிகளும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று நெப்ராஸ்கா பல்கலைக்கழக வழக்கில் 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. அங்கேகூட, அந்த மாணவருக்குச் சிகிச்சை தருகிறவர் எழுதும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. பணம் கட்டி இணையத்தில் இறக்கிக்கொள்ளும் அட்டைக்கு அங்கும் பெரிய மரியாதை இல்லை.

இனி என் கருத்து. முதல் வருடம் கருப்பட்டி ஆச்சியோடு இருக்கட்டும். உங்களுக்கு இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் இருபது வருடமாகப் பூனைகளைப் பார்க்கிற மருத்துவர் என்ற முறையில், உங்களுக்கு இணையாக அவனையும் மனதில் வைத்துத்தான் நான் பதில் சொல்ல முடியும்.

நாய் ஆட்களை ஒட்டி வாழும். பூனைக்கு ஆட்களும் வேண்டும், அதைவிட இடம் வேண்டும். திண்ணை, மதில், அடுப்படி ஜன்னல், மத்தியானம் வெயில் விழும் மூலை என்று தன் முகத்தை உரசி உரசி அவன் அடையாளம் போட்டு வைத்திருக்கும் ஊர் அது. 600 கிலோமீட்டருக்கு மேல் காரில் கொண்டுபோய் ஓர் அறையில் விட்டால், அந்த அடையாளம் அத்தனையும் ஒரே இரவில் போய்விடும். உங்களுக்கும் அதே வாரம்தான் எல்லாம் புதிது. இரண்டு பேரும் பயந்துபோய் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது துணை ஆகாது.

அவன் ஆண் பூனை என்பதால் இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. இடமாற்றம், தனிமை, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, ஓடியாடாமல் கிடப்பது எல்லாம் சேர்ந்தால் சிறுநீர்ப்பை புண்ணாகி, அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். பூனை மண் டப்பாவுக்கு அடிக்கடி போகும், குந்தி உட்காரும், முக்கும், கத்தும், அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். சொட்டு மூத்திரம் வராது. பார்க்கிறவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெயோ பாலோ கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் தாண்டினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. என்னிடம் இப்படி வந்த பூனைகளில் நிறைய, வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்கள் தனி அறையில் வளர்த்தவை. அன்பில்லாதவர்கள் அல்ல அவர்கள். காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு மாலை ஆறு மணிக்குத் திறந்தவர்கள், அவ்வளவுதான். முதல் செமஸ்டரில் வகுப்பு, லேப், பஸ் பயணம் எல்லாம் கூட்டினால் உங்கள் கதவும் அவ்வளவு நேரம் பூட்டித்தான் இருக்கும்.

வார்டனுக்குத் தெரியாமல் ஹாஸ்டலுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று தோழிகள் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அப்படி ஒளித்து வளர்த்த ஒரு குட்டியை இரண்டு மாணவிகள் துணிப்பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு சுட்டதாம், தங்களிடம் இருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ரத்தம் காற்றைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். ஈறு காப்பி நிறத்துக்கு மாறி, முகம் வீங்கி வந்த அந்தக் குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்று ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்ததைத்தான் அந்தப் பிள்ளைகள் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

சரி, அவன் இல்லாமல் நீங்கள் எப்படித் தூங்குவது? கேள்வியின் மையம் இதுதான் என்று எனக்குத் தெரிகிறது.

ஒரு தாளை எடுத்து, கருப்பட்டி உங்களுக்கு என்னவெல்லாம் செய்கிறான் என்று எழுதிப் பாருங்கள். நெஞ்சின் மேல் ஏறிப் படுக்கும்போது அந்தக் கனமும் சூடும். காதுக்குள் கேட்கிற அந்தக் குறுகுறு சத்தம். ‘எழுந்து சோறு போடு’ என்று ஆறு மணிக்கு வந்து காலைக் கடிப்பதால், எழவே முடியாத நாளிலும் எழுந்தது. யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னது. இவை தனித்தனி உதவிகள். ஒவ்வொன்றுக்கும் இப்போதே மாற்று பழக வேண்டும், சென்னை போன பிறகு அல்ல. கனத்துக்கு ஒரு தடித்த போர்வை. வாரத்தில் இரண்டு ராத்திரி அவனை ஆச்சி அறையில் விட்டுவிட்டு அந்தப் போர்வையோடு தனியாகத் தூங்கிப் பாருங்கள். காலையில் எழ, உங்களுக்காகக் காத்திருக்கிற ஏதோ ஒன்று வேண்டும். அது ஒரு தோழியோடு போகும் நடையாகக்கூட இருக்கலாம். சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு மனிதர் கட்டாயம் வேண்டும்; அந்த இடத்தைப் பூனையை மட்டும் வைத்து நிரப்பக் கூடாது. நாளைக்கு அவனுக்கே உடம்புக்கு முடியாமல் போனால் உங்களைத் தாங்க யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மனநல மருத்துவம் என் துறை அல்ல. ஆனாலும் இதை மட்டும் உரிமையோடு சொல்கிறேன்: கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரைப் பார்த்து, என்ன நோய், என்ன மாத்திரை, எவ்வளவு என்று எழுதிய கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் யாரிடம் தொடர்ந்து காட்டுவது என்று அவரிடமே கேளுங்கள். புது ஊர் வந்துவிட்டோமே என்று மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். கல்லூரியில் மனநல ஆலோசகர் இருந்தால், பிரச்சினை வரும்வரை காத்திருக்காமல் முதல் இரண்டு வாரத்துக்குள் போய் முகம் காட்டிவிடுங்கள். ராத்திரி மூச்சு முட்டுகிற நேரத்தில் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். அரசின் டெலி மானஸ் சேவை அது. நம் மாநிலத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். எண்ணைப் போனில் இன்றே பதிந்துகொள்ளுங்கள்.

பூனையின் தொடுகை அறவே இல்லாமல் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. நாய் பூனைகளைப் 10 நிமிடம் தடவிக்கொடுத்த மாணவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்கிற அழுத்தச் சுரப்பு குறைந்திருந்தது; வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை. அவை யாருடைய சொந்தப் பிராணியும் அல்ல என்பதுதான் உங்களுக்கு முக்கியம். சென்னையில் 1959 முதல் இருக்கிற புளூ கிராஸ் போன்ற காப்பகங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தொண்டு செய்யப் போகலாம். ஒரு நிபந்தனை: தெருவிலோ காப்பகத்திலோ கீறலோ கடியோ பட்டால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஏக்கத்தில் அங்கே ஒரு பெர்ஷியன் குட்டியை விலைக்கு வாங்குவது மட்டும் கூடாது. பரீட்சை முடிந்து விடுதி காலியாகும் மாதங்களில் அப்படிப்பட்ட பூனைகள் தெருவில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இரண்டாம் வருடம் நிலைமை மாறலாம். ஊர் பழகி, நேரம் உங்கள் கைக்கு வந்து, பூனை பிடித்த இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து வீடு எடுத்தால், பகலில் யாராவது ஒருவர் இருப்பார் என்றால், அப்போது அழைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் வாய்ச் சம்மதத்தை நம்பாமல் வாடகை ஒப்பந்தத்தில் பூனை என்று எழுதி வாங்குங்கள். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடித்த பிறகே கூட்டிப்போங்கள். சென்னை மாநகராட்சி செல்லப்பிராணிகளுக்கு உரிமம் கேட்கிறது. அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தேவை. அவசரத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போன முதல் வாரம் ஒரே அறை, துவைக்காத அவனுடைய பழைய விரிப்பு, வீட்டில் சாப்பிட்ட அதே சாப்பாடு.

இப்போது ஆச்சிக்கு. இந்தப் பகுதியை அவர்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். தினமும் மண் டப்பாவை அள்ளும்போது மூத்திரக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஒரு நாள் இல்லையென்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் அப்படியே. பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படியும். வெறும் தயிர்ச்சோறு பூனைக்குப் போதாது, மீனோ கோழியோ தினமும் வேண்டும். துணி அலமாரியில் போடும் பாச்சா உருண்டை, தரை துடைக்கும் கருப்பு பினாயில், நாய்க்குப் போடும் உண்ணிப் பொடி மூன்றும் அவன் கால் படும் இடத்தில் இருக்கக் கூடாது. வருடாந்திர ஊசி எந்தத் தேதி என்று காலண்டரில் எழுதி மாட்டுங்கள். பெரிய பிரச்சினை என்றால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் எண்ணை இப்போதே ஆச்சியின் போனில் போட்டுக் கொடுங்கள். தூக்கிப்போகும் கூண்டை இன்றைக்கே பரணிலிருந்து இறக்கி, கதவைத் திறந்து, உள்ளே துணி விரித்துக் கூடத்தில் வையுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் மட்டும் அதை எடுத்தால் அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரமாட்டான்.

கிளம்பும் அன்று, நீங்கள் இரண்டு நாள் உடுத்திய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அவன் படுக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் போங்கள்.

மறந்துவிடுவானா என்று கேட்டீர்கள். மூன்று வருடம் நெஞ்சில் படுத்துத் தூங்கியவன் சில மாதத்தில் மறக்கமாட்டான். ஆனால் தீபாவளிக்கு நீங்கள் வீட்டுக்கு வரும்போது உங்கள் மேல் ரயிலும் ஹாஸ்டலும் வேறு சோப்பும் மணக்கும். அவன் சந்தேகமாகப் பார்ப்பான், ஒருவேளை பின்வாங்குவான். அதைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள், ஓடிப்போய்த் தூக்கவும் செய்யாதீர்கள். குளித்துவிட்டு வீட்டில் கிடக்கும் பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு கூடத்தில் தரையில் உட்காருங்கள். அவனை நேராகப் பார்க்காமல் ஆச்சியிடம் பேசிக்கொண்டிருங்கள். உங்கள் குரல் அவன் காதில் விழட்டும். கையை மட்டும் தரையில் நீட்டி வையுங்கள். வருவான்.