போன் வாங்கும்போது வடிவமைப்பைப் பார்ப்பதா, மென்பொருளைப் பார்ப்பதா?

மென்பொருளைத்தான் பார்க்கச் சொல்வேன். அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த ஞானம் இது, அதனால் முதலில் அந்தக் கதை.

அம்மா திருகோணமலையில், உப்புவெளியில் இருக்கிறார். 2022-இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360-ஐத் தாண்டிப் போனது ஞாபகம் இருக்கும், அந்த நேரம் புதுப் போனின் விலை கேட்கவே பயமாக இருந்ததால் நான் பாவித்த பழைய போனைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். திரையின் கீழே மூன்று குறி இருக்குமே, முக்கோணம், வட்டம், சதுரம், அதில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்தேன்: "என்ன குழப்பம் வந்தாலும் வட்டத்தை அமத்துங்கோ." இரண்டு வருடம் அதை வைத்தே வண்டி ஓடியது. லண்டனில் இருக்கும் அக்காவோடு வீடியோவில் கதைத்து முடிந்தால் வட்டம், தெரியாத விளம்பரம் குறுக்கே வந்தால் வட்டம், பேரன் ஏதாவது விளையாட்டைத் திறந்துவிட்டு ஓடிப்போனால் வட்டம்.

ஒரு ராத்திரி போன் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் இருந்து கோல் வந்தது. "தம்பி, இதில கிடந்த வட்டத்தைக் காணேல்ல. நான் ஒண்டும் செய்யேல்ல."

போய்ப் பார்த்தால், அம்மா கதிரையில் இருந்துகொண்டு வட்டம் இருந்த அதே இடத்தை, இப்போது ஒன்றுமே இல்லாத வெறும் கண்ணாடியை, பெருவிரலால் திரும்பத் திரும்ப அமத்திக்கொண்டிருக்கிறார். மூலையில் இருந்த கீறல் அப்படியே இருக்கிறது, கவரின் பின்னால் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. அம்மாவைப் பொறுத்தவரை அது வேறு போன். கீழிருந்து விரலால் தள்ளினால் முகப்புத் திரை வரும் என்று காட்டிப் பார்த்தேன், "எனக்கு வேண்டாம், என்ர வட்டத்தைத் தா" என்று விட்டார். அமைப்புகளுக்குள் போய் அந்த மூன்று குறிகளையும் மீட்க எனக்கே இருபது நிமிடம் பிடித்தது, ஏனென்றால் அந்தத் தெரிவையும் வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள்.

அங்கே வந்திருந்த மச்சானுக்கும் எனக்கும் அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம்தான் இந்தப் பதிலின் மீதி. அவர் வடிவமைப்புக் கட்சி. "போன் எண்டா கையில பிடிக்கேக்க தெரியோணும்" என்பார். மெல்லிசாக இருக்க வேண்டும், விளிம்பு வளைந்திருக்க வேண்டும், பின்னால் கமரா அழகாக அடுக்கியிருக்க வேண்டும். சரி, அதையெல்லாம் வாங்கின அன்றைக்கே தடித்த ரப்பர் கவருக்குள் போட்டு மூடி வைத்திருப்பவரும் அவர்தான்.

அவர் சொல்வது முழுப் பிழை இல்லை. திருக்கடலூரில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் கடலுக்குப் போகும்போது ஸ்மார்ட்போனை வீட்டில் வைத்துவிட்டு, பட்டன் போனை இரண்டு சொப்பிங் பையில் சுற்றி முடிச்சுப் போட்டுத்தான் கொண்டுபோவார். தொடுதிரை விரலின் மின்னூட்டத்தை வைத்து வேலை செய்வது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஈர விரலுக்கும் திரையில் தெறித்த துளிக்கும் அதற்கு வித்தியாசம் சரியாகத் தெரியாது, சொல்வழி கேளாத பிள்ளை மாதிரி தன் பாட்டுக்கு எதையாவது திறக்கும். பட்டனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, பைக்கு மேலாலேயே அமத்தலாம். அந்த இடத்தில் போனின் உடம்புதான் வெல்லும், எந்த அப்டேட்டும் உதவாது.

ஆனால் கரையில் கதை வேறு. 2007-இல் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது ஸ்டீவ் ஜொப்ஸ் மற்றப் போன்களில் கண்ட குறையே இதுதான்: பிளாஸ்டிக் பட்டன்கள் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேயே கிடக்கின்றன, பிறகு ஒரு நல்ல யோசனை வந்தாலும் விற்ற போனில் புதிதாக ஒரு பட்டன் சேர்க்க முடியாது. அதற்காகத்தான் முன்பக்கம் முழுவதையும் கண்ணாடியாக்கி, பட்டனை வரையும் வேலையை மென்பொருளிடம் கொடுத்தார்கள். நல்ல பலனும் கிடைத்தது. முதல் ஐபோனில் ஆப் கடை என்று ஒன்றே கிடையாது, 2008 ஜூலையில்தான் வந்தது. ஓரிடத்தில் இருப்பதை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டுகிற வசதி 2009 வரை இல்லை. இரண்டுமே 2007-இல் வாங்கியவனின் அதே போனுக்குள் பிறகு வந்து இறங்கின. சேர்க்கலாம் என்றால் எடுக்கவும் செய்யலாம் என்பதை அப்போது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. அம்மாவின் வட்டம் வெளிச்சத்தால் வரைந்த வட்டம். பழைய நோக்கியாவின் பட்டனை ராத்திரியோடு ராத்திரியாக யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது.

மச்சானை நான் மடக்கிய உதாரணம் நோக்கியா என்9. 2011 ஜூனில் அறிவித்த போன். வழவழப்பான ஒரே துண்டுப் பிளாஸ்டிக் உடம்பு, முன்னால் ஒரு பட்டன் கிடையாது, ஓரத்தில் இருந்து விரலால் இழுத்தால் முகப்புக்கு வரும். இன்றைக்குப் பெரும்பாலான போன்களில் நாம் செய்வதைக் கிட்டத்தட்ட அப்போதே செய்தது. ஆனால் நோக்கியா அந்த வருடம் பெப்ரவரியிலேயே மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் போன் மென்பொருளுக்கு மாறுவதாக அறிவித்துவிட்டதால் பிறந்தபோதே அது அநாதை. நாலு மாதம் கழித்து ஒக்டோபரில் லூமியா 800 என்று இன்னொன்றை விட்டார்கள். பார்வைக்கு அதே போன். உயரம் 116.5 மில்லிமீட்டர், அகலம் 61.2, இரண்டுக்கும் ஒரே அளவு. ஆனால் என்9-இன் திரை 3.9 அங்குலம், லூமியாவின் திரை 3.7. காரணம், அன்றைய விண்டோஸ் போனுக்குத் திரை 480-க்கு 800 புள்ளிகளாக இருக்க வேண்டும், என்9-இல் இருந்தது 480-க்கு 854. அதோடு பின்செல்ல, முகப்புக்குப் போக, தேட என்று மூன்று பட்டனும் கீழே கட்டாயம் வேண்டும். அதே உடம்பில் மென்பொருள் கேட்டது என்பதற்காகத் திரை சுருங்கிப் பட்டன் முளைத்தது! அடுத்த வருடம் ஜூனில், அந்த லூமியாவுக்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் போன் 8 கிடைக்காது என்று அறிவித்தார்கள். வந்து ஒரு வருடம்கூட ஆகாத, பார்க்க அவ்வளவு வடிவான போன். இதற்கு மச்சான் பதில் சொல்லவில்லை, தேத்தண்ணி குடித்தார்.

இன்னொன்று எனக்கு நேரே நடந்தது. 2010 வாக்கில் என்னிடம் இருந்த சின்னப் போனில் தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நண்பன் ஒருத்தன் டச்பே கடற்கரையில் வைத்து ஒரு வித்தை காட்டினான். ஒபேரா மினி என்ற உலாவியில் முகவரி அடிக்கும் இடத்தில் ஒபேரா, முக்காற்புள்ளி, கொன்ஃபிக் என்று அடித்தால் ஒளிந்திருக்கிற ஒரு அமைப்புப் பக்கம் வரும், அதில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற அர்த்தத்தில் இருக்கும் வரியை 'ஆம்' ஆக்கி சேமிக்க வேண்டும். செய்தேன். போனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, அவர்களுடைய சேர்வர் எழுத்தைப் படமாக்கி அனுப்புகிறது, கொஞ்சம் மங்கல்தான், 'கொ'வும் 'கோ'வும் ஒரே மாதிரித் தெரியும். ஆனால் வாசிக்க முடிந்தது. ஒரு வரியை மாற்றியதில் என் போன் தமிழ்ப் போன் ஆனது. (இந்த வித்தையைச் செய்த வயதுக்காரர்கள் இதை வாசித்தால் கை தூக்குங்கள்.)

கூகுள் 2018 நவம்பரில் இருட்டில் படம் எடுக்கும் நைட் சைட் வசதியைக் கொடுத்தபோதும் இப்படித்தான், 2016-இல் வாங்கிய அவர்களுடைய முதல் பிக்சல் போனுக்கும் அது கமரா ஆப்பின் அப்டேட்டாகவே போனது. லென்ஸ் மாறவில்லை. மறுபக்கம், அப்பிள் 2017 தொடக்கத்தில் விட்ட ஒரு அப்டேட், பட்டரி தளர்ந்த ஐபோன்களின் வேகத்தை மெல்லக் குறைத்தது. திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் செய்தோம் என்று டிசம்பரில் ஒத்துக்கொண்டார்கள், பிறகு பட்டரி மாற்றும் விலையை 79 டொலரில் இருந்து 29-க்குக் குறைத்தார்கள். காரணம் நியாயமானதாகவே இருக்கலாம், முன்கூட்டிச் சொல்லாததுதான் எனக்குக் கோபம். போன் பழசாகிவிட்டது என்று நினைத்து எத்தனை பேர் புதுசு வாங்கியிருப்பார்கள்.

மச்சானின் கடைசி அம்பு: "ஏழு வருசம் அப்டேட் தருவான் எண்டு வாங்கினா மூண்டாம் வருசம் பட்டரி செத்திடும், பிறகு அப்டேட்ட வச்சு என்ன செய்யிற?" நல்ல கேள்விதான். ஆனால் பட்டரி மாற்ற இங்கே பிரதான வீதியில் ஆள் இருக்கிறார், ஒரு மணித்தியால வேலை. திரை உடைந்தாலும் அவரிடமே போகலாம். நிறுவனம் கைவிட்ட போனுக்கு அப்டேட் போட்டுத் தா என்று அவரிடம் கேட்டால் சிரிப்பார்.

அதனால் கடைக்குப் போனால் போனைக் கையில் எடுத்துப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, விரல் எட்டுகிறதா, பாரம் சரியா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிறகு எத்தனை வருடம் அப்டேட், அதுவும் எந்தத் திகதியில் இருந்து எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் வாங்கும் நாளில் இருந்து எண்ண மாட்டார்கள், அந்த மாடல் முதலில் சந்தைக்கு வந்த நாளில் இருந்துதான் பெரும்பாலும் எண்ணுவார்கள், ஆகவே விலை குறைந்துவிட்டது என்று இரண்டு வருடப் பழைய மாடலை வாங்கினால் அந்த இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது. கூகுளின் பிக்சல் 8-க்கும் சாம்சங்கின் கலக்சி எஸ்24-க்கும் ஏழு வருடம் சொல்லியிருக்கிறார்கள். மலிவான போன்களில் இந்த எண்ணிக்கை பெட்டியிலும் இருக்காது, விற்பவருக்கும் தெரியாது, நிறுவனத்தின் தளத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அம்மாவின் போனுக்கு இப்போது அப்டேட் வருவது நின்றுவிட்டது. பாதுகாப்புக்கு அது நல்லதில்லை, புதுசு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று போன கிழமை சொன்னேன். "அதில வட்டம் இருக்கோ?" என்று கேட்டார்.