10க்கு 12 அறையில் மைட்டர் சா மேசை: நீளத்தை முதலில் பாருங்கள், அடுக்கை அப்புறம் பார்க்கலாம்

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டை ஒட்டி 10க்கு 12 அடி அறை இருக்கிறது, மைட்டர் சாவுக்கு (மரத்தைக் குறுக்கே, வேண்டிய கோணத்தில் அறுக்கிற மின்வாள்) நிரந்தர மேசையும் கருவிகளுக்கு அடுக்கும் ஒன்றாகச் சேர்த்து எப்படி வடிவமைப்பது, எத்தனை இழுப்பறை வைக்கலாம்?

இழுப்பறை எண்ணிக்கையைக் கேட்டதால் ஒன்றை ஊகிக்கிறேன். மெஷினை வாங்கியாகிவிட்டது. அது தரையில் கிடக்கிறது. "இடத்தை அடைக்குது" என்று வீட்டில் பேச்சு வந்திருக்கும். நாலு அடுக்கும் சேர்த்துச் செய்தால் பேச்சு நிற்கும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அடுக்கிலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் உங்களிடம் ஒரு அலமாரிதான் இருக்கும், அதன் மேல் ஒரு மெஷின் இருக்கும். அறுக்கிற மேசை இருக்காது.

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையான களியக்காவிளைப் பக்கம். அப்பா ஆசாரி. நான் வேறு வேலைக்குப் போனவன், இப்போது வீட்டுச் சாய்ப்பில் பட்டறை வைத்திருக்கிறேன். தொழில் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்தே சுத்தமாக அறுக்கிறார்களே, இதற்கு எதற்கு மேசை என்று யாராவது வருவார்கள். எனக்கும் தெரியும். அப்பா அப்படித்தான் அறுத்தார். வயதான பிறகு அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அதுவும் அது கைவாள் காலம். நிமிஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று ஓடுகிற பிளேடுக்கு முன்னால் காலை நீட்டி உட்காருங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

முதலில் நீளம். மேசையை 12 அடிச் சுவரில் வையுங்கள், ஆனால் மெஷினைச் சுவரின் நடுவில் வைக்காதீர்கள். வலது கையால் பிடி, இடது கையால் மரம் என்று வேலை செய்பவராக இருந்தால் நீளமான பக்கம் இடதுபுறம் வர வேண்டும். இடது மேசை ஆறரை அடி, மெஷினுக்கு 3 அடி, வலதில் இரண்டரை அடி. ஏழடிக் கதவுச் சட்டமும் எட்டடி ரீப்பரும் இதில் தாராளமாக அடங்கும். பத்தடிச் சட்டம் வந்தால் என்ன செய்வது? இடது கோடியில் ஜன்னல் இருந்தால் நல்லது. ஜன்னலின் அடிமட்டம் பெரும்பாலும் 3 அடியில்தான் இருக்கும், மேசையை 37 அங்குலம் வைத்தால் மரம் அதன் மேலாக வெளியே போய்விடும். என் சாய்ப்பில் அந்த இடத்தில் கம்பி வைக்காமல் சின்னக் கதவாகப் போட்டிருக்கிறேன்.

அடுத்தது உயரம். இரண்டு பக்க மேசையும் மெஷினின் படுக்கை (மரத்தை வைக்கிற தட்டு) மட்டத்துக்கே வர வேண்டும். படுக்கை உயரம் மெஷினுக்கு மெஷின் மாறும், அளந்து பார்த்துத்தான் பலகை அறுக்க வேண்டும். உதாரணமாக, படுக்கை 4 அங்குலம், மேசை 37 என்றால், மெஷின் உட்காரும் பலகை 33ல் வரும். அந்தப் பலகையை ஆணியடித்து நிலையாக வைத்துவிடாதீர்கள். நாலு மூலையிலும் போல்ட் நட்டு வைத்து ஏற்றி இறக்குகிற மாதிரி செய்யுங்கள். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. மரம் வருஷம் முழுக்க ஊதும், சுருங்கும். ஆறடி அலுமினியச் சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்து நட்டைத் திருப்பினால் மட்டம் திரும்ப வந்துவிடும். பக்க மேசை ஒரு தாள் கனம் தாழ்ந்திருந்தாலும் பரவாயில்லை, உயர்ந்திருக்கவே கூடாது. உயர்ந்தால் மரம் படுக்கையில் படியாது, அறுபடும்போது வளைந்து பிளேடைக் கவ்வும்.

முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிங் வகை மெஷினா என்று நீங்கள் சொல்லவில்லை. அதுவென்றால் தண்டுகளை முழுக்கப் பின்னால் தள்ளி, 45 டிகிரிக்கு இரண்டு பக்கமும் திருப்பி, சுவருக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். பல மெஷின்களுக்கு மூன்றடி ஆழம் வரை போய்விடும், பத்தடி அகல அறையில் அது பெரிய விஷயம். சாதா வகைக்கு இரண்டடி போதும்.

பின்சட்டம், அதாவது மரம் சாய்ந்து நிற்கிற நேர்சட்டம், மெஷினின் சட்டத்துக்கு அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பின்வாங்கி இருக்கட்டும். வளைந்த மரம் வந்தால் பக்கத்துச் சட்டம் அதைத் தள்ளிக் கோணத்தைக் கெடுக்காது. அதன் மேல் அலுமினிய டி-டிராக் (T வடிவப் பள்ளம் உள்ள சட்டம்), அதில் நகரும் நிறுத்தக்கட்டை; மரத்தின் முனையை அதில் முட்டவைத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரே நீளத்தில் வரும். இந்த மேசையின் உயிரே அந்தக் கட்டைதான். கட்டையின் அடி விளிம்பை ஒரு நூல் சீவிவிடுங்கள், தூள் அடைத்தால் அளவு குறையும். கட்டை ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். அறுபட்டு விழும் துண்டு மறுபக்கம் தாராளமாக விலக வேண்டும், இல்லாவிட்டால் பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவில் சிக்கிப் பறக்கும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவோடு வேலை செய்த மூத்தாசாரி ஒருவர் இன்னும் இருக்கிறார். நான் மேசை செய்தபோது வந்து பார்த்துவிட்டு, "ஒரு வாளுக்கு இவ்வளவு பிளைவுட்டா மக்கா, இதுல ஒரு கட்டில் பண்ணலாமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தங்கை வீட்டுத் திண்ணைக்கு அயனி மரத்தில் அழி (கம்பி மாதிரி நிறுத்துகிற மரச்சட்டம்) போடுகிற வேலை இருந்தது. நாற்பது அழி, எல்லாம் 2 அடி 3 அங்குலம். அவரையே கூப்பிட்டு நிறுத்தினேன். கட்டையை ஒரு தடவை வைத்து இறுக்கினேன், பிறகு டேப்பைத் தொடவே இல்லை. அறுத்த அழிகளை அவர் தரையில் நேராக நிறுத்தி, மேலே ஒரு பலகையை வைத்தார். நாற்பதும் பலகையைத் தாங்கின, ஒன்றுகூட ஆடவில்லை. "கொள்ளாம்" என்றார், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை எளிதில் வராது. என் அப்பாவுக்கே அபூர்வமாகத்தான் கிடைத்தது. அடுத்த வாரம் தன் மகனுக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார், அளவெல்லாம் அவரே வந்து எடுத்தார்.

வேலை தொடங்கும் முன் 90 டிகிரியைச் சரிபார்க்க ஒரு வழி: அகலப் பலகையை நேரே அறுத்து, ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டு வெட்டையும் சேர்த்து வையுங்கள். இடைவெளி தெரிந்தால் பிழை அதில் பாதி.

தூள் விஷயம். மைட்டர் சா தூளைப் பின்பக்கம் விசிறும், மெஷினோடு வரும் பை பாதியைக்கூடப் பிடிக்காது. பின்னால் மூன்று பக்கமும் அடைத்த கூடு கட்டி, அடியில் வேக்குவம் குழாய் கொடுங்கள். அப்படியும் கொஞ்சம் பறக்கும், முகக்கவசம் போடுங்கள். தூள் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சாலையில் கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. ஜன்னல் திறக்க முடியாது, துணி காயப்போட முடியாது, ஸ்கூட்டரில் போகிற பிள்ளைகள் வீடு வந்து சேரும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதற்கு வாய் திறக்காத பக்கத்து வீட்டுக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அரை மணி நேரம் மரம் அறுத்தால் மட்டும் "என்ன சத்தம்" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். என் கூட்டுக்குள் தூள் அடங்குகிறது. அந்த லாரிகளில் பலவற்றுக்கு மேலே ஒரு தார்ப்பாய்கூடக் கிடையாது. இது நியாயமா?

சரி, அடுக்கு. மெஷினுக்கு நேர் அடியில் இழுப்பறை வேண்டாம், நீங்கள் நிற்கிற இடம் அது. அங்கே வேக்குவத்தை வையுங்கள். இடது மேசைக்கு அடியைத் திறந்தே விட்டு, துண்டு மரங்களைச் செங்குத்தாக நிறுத்தத் தடுப்பு போடுங்கள். மரத்துண்டு சேருகிற வேகம் யாருக்கும் ஆரம்பத்தில் தெரியாது. வலது இரண்டரை அடியில் மூன்று இழுப்பறை போதும். 45 கிலோ தாங்குகிற டெலஸ்கோப்பிக் சேனல் போட்டு, கனமான டிரில், ரௌட்டர் (மரத்தில் பள்ளம் எடுக்கிற மெஷின்) எல்லாம் கீழே வையுங்கள், மேசையும் அசையாமல் நிற்கும். உளி, இழைப்புளி போன்ற இரும்புச் சாமான்களை மெஷினுக்கு மேல் திறந்த தட்டில் வைக்காதீர்கள். மரத்தூள் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும், மழைக்காலத்தில் துரு ஏறும். மூடிய இழுப்பறையில், தையல் மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள். சுவரில் மூலைமட்டம், டேப், பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான் மட்டும் தொங்கட்டும்.

பிளைவுட் 18 மி.மீ., 710 கிரேடு (ஈரம் தாங்குகிற மரைன் வகை) வாங்குங்கள். எட்டுக்கு நாலு ஷீட் இரண்டில் உடம்பு வந்துவிடும், இழுப்பறைக்குத் தனி. காசு மிச்சம் என்று சட்டத்துக்கு ரப்பர் மரம் போடச் சொல்வார்கள். மருந்து ஏற்றிக் காயவைத்த மரமென்றால் சரி, பச்சையாக வாங்கினால் பூச்சி தூளாக்கிவிடும். கால்கள் தரையைத் தொடாமல் போல்ட் மேல் நிற்கட்டும்.

மின்சாரத்தை வயர்மேனிடம் முன்னாடியே சொல்லுங்கள். 1,600, 1,800 வாட் மெஷினுக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கென்று தனி 2.5 சதுர மி.மீ. வயரும் வேண்டும். ஃபேன் ஓடுகிற எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதீர்கள்.

மெஷினின் படுக்கை உயரம், பின்னால் தண்டு போகிற தூரம், ஜன்னல் எந்தச் சுவரில் என்ற மூன்றையும் எழுதுங்கள், பலகை அறுக்கும் அளவுகளைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.